எம்டி 90 எஞ்சினைக் கழற்றிப் பூட்டுதல்

ஹொண்டா எம்டி 90 ஜப்பானியத் தபால் விநியோகத்துக்கென்று 1971 இல் வந்த மோட்டார் சைக்கிள். 1958 இல் வெளியான சுப்பர் கப் வண்டியின் வழித்தோன்றல் இது. முன்னோக்கிப் படுத்திருக்கும் ஒற்றைச் சிலின்டர், ஹெட்டுக்குள் கேம், காற்றுக் குளிர்ச்சி, மூன்று கியர், கைக்கிளச் கிடையாது. சிலின்டரின் விட்டம் 50 மில்லிமீற்றர், பிஸ்ரன் ஓட்டம் 45.6 மில்லிமீற்றர், கொள்ளளவு 89.5 கன சென்ரிமீற்றர். ஜப்பானில் ஓடித் தீர்ந்து இலங்கைக்கு வந்த இந்த வண்டி யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டக்காரருக்கும் மீன் வியாபாரிக்கும் வாத்தியாருக்கும் ஒரேயளவு பிடித்துப்போனது. நெல்லியடிச் சந்தைக்கு மரக்கறி மூட்டையோடு வரும் வண்டிகளில் இன்றும் அதைக் காணலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கம்வரை அந்தத் தடை நீடித்ததால், மூலையில் சாத்திவைத்த எம்டிகள் பல வெளியே வந்தன. அவற்றின் எஞ்சினைத் திறந்து பார்க்கவேண்டிய தேவையும் கூடவே வந்தது.

இந்த அத்தியாயத்தில் சொல்லப்படுவது எம்டி 90ஐ மனதில் வைத்தே என்றாலும், சுப்பர் கப் வரிசையின் சி 50, சி 70, சி 90 ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். அளவுகளில் வேறுபாடு உண்டு. குறிப்பாகப் பொயின்ற் சில மாதிரிகளில் பிளைவீலுக்குப் பின்னாலும், சிலவற்றில் ஹெட்டின் இடப்பக்கம் கேமின் நுனியிலும் இருக்கும்.

மண்ணெண்ணெய் ஓடிய எஞ்சின்

குடாநாட்டுப் பழைய எஞ்சினைத் திறக்குமுன் அதன் சரித்திரத்தைக் கேட்டறிவது நல்லது. 1990 இல் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெயும் மட்டாகவே கிடைத்தது. தோட்டங்களில் நீரிறைக்கும் சிறிய பம்புகள் பெற்றோலில் ஸ்ராட் ஆகி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடுவது அதற்கு முன்பே எல்லோரும் அறிந்த வழக்கம். அதே வழக்கம் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபிறேற்றருக்குள் பீச்சி, உதைத்து ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.

பம்பு எஞ்சின் அந்த வேலைக்கென்றே குறைந்த அமுக்கத்தில் செய்யப்பட்டது. எம்டி எஞ்சின் அப்படியல்ல. பெற்றோல் 30 பாகை செல்சியசிலேயே ஆவியாகத் தொடங்குகிறது. மண்ணெண்ணெய்க்கு 150 முதல் 300 பாகை வேண்டும். ஆவியாகாத மண்ணெண்ணெய் துளித்துளியாகச் சிலின்டர் சுவரில் படிந்து அங்கிருக்கும் ஒயிலைக் கழுவுகிறது. பின்பு றிங்குகளைக் கடந்து கீழே இறங்கி ஒயிலோடு கலக்கிறது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண்ணும் மிகக் குறைவு. ஆகவே ஏற்றத்திலோ பாரத்திலோ எஞ்சின் தட்டும். அந்தத் தட்டலை அடக்க ஹெட்டின் கீழ் இரண்டாவது கஸ்கற் வைத்து அமுக்கத்தைக் குறைப்பது ஒரு வழி. பழைய எஞ்சினைத் திறக்கும்போது ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு கஸ்கற் கண்டால் யாரோ தவறுதலாக வைத்தது என்று எண்ணவேண்டாம். ஆனால் பெற்றோலில் ஓடப்போகும் எஞ்சினுக்கு அது வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் வைத்தே பூட்டவேண்டும்.

அந்தக் காலத்தில் ஓடி, பிறகு போர் செய்யப்படாத (சிலின்டர் கடைந்து பெருப்பிக்கப்படாத) எஞ்சின் என்றால் மூன்று அடையாளங்கள் இருக்கும்: சிலின்டரின் மேல்முனையில் நகத்தில் தட்டும் வரம்பு, பிஸ்ரன் தலையிலும் வெளியேற்று வழியிலும் கெட்டியான கரி, அசைவில்லாமல் ஒட்டிப்போன றிங்.

திறக்காமல் சோதித்தல்

ஸ்பனரை எடுக்குமுன் செய்யும் சோதனையே அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும். முழு எஞ்சினையும் பிரிக்கவேண்டும் என்று கராச்சுக்கு வரும் வண்டிகளில் பலவற்றுக்கு ஹெட்டும் சிலின்டரும் மட்டுமே கழற்றினால் போதும். இந்த வகை எஞ்சினில் அவ்விரண்டையும் வண்டியிலிருந்து எஞ்சினை இறக்காமலே முன்புறமாக இழுத்து எடுக்கலாம். கால்கவசத்தையும் சைலன்சரையும் காபிறேற்றரையும் கழற்றுவதே முன்வேலை.

புகையின் நிறம் முதற் சாட்சி. திறொட்டிலைத் திருகும்போது நீலப்புகை கக்கினால் றிங் அல்லது சிலின்டர் தேய்ந்திருக்கிறது. இறக்கத்தில் திறொட்டிலை மூடி வந்து மறுபடி திருகும்போது மட்டும் ஒரு குபுக்கென்று வந்தால் வால்வு கைட்டில் சந்தேகம் கொள்ளவேண்டும். கறுப்புப் புகைக்கும் தேய்மானத்துக்கும் தொடர்பில்லை; அது காபிறேற்றர், எயர் பில்ரர் சமாசாரம்.

அடுத்தது அமுக்கம். பிளக் இருக்கும் துளையில் அமுக்கமானியை வைத்து, திறொட்டிலை முழுதாகத் திறந்து, பலமாக ஏழெட்டு முறை உதைக்கவேண்டும். நல்ல எஞ்சின் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 10 முதல் 12 கிலோகிராம் காட்டும். 8க்குக் கீழே போனால் திறப்பதில் நியாயம் உண்டு. குறைவு வால்விலா றிங்கிலா என்று பிரித்தறியத் துளைக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளப்பது வழக்கம். அமுக்கம் ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு. நிமிர்ந்த சிலின்டருக்கு இது கச்சிதமான சோதனை. எம்டியின் சிலின்டர் படுத்திருப்பதால் விட்ட ஒயில் அடிப்பக்கம் தேங்கிவிடும். பலமுறை உதைத்துச் சுற்றிலும் பரவவிட்டபின்பே அளக்கவேண்டும். அப்போதும் அந்த அளவை முழுதாக நம்பக்கூடாது.

மூன்றாவது சத்தம். ஹெட்டிலிருந்து வரும் கிட்டிகிட்டிச் சத்தம் அநேகமாக வால்வு இடைவெளி. இடப்பக்கத்துச் சலசலப்பு ரைமிங் செயின். பாரத்தில் அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த தட்டலும், வேகத்தோடு கூடும் உறுமலும்தான் கெட்ட செய்தி. முதலாவது கனெக்ரிங் றொட்டின் பெரிய முனை. இரண்டாவது கிராங் பெயாரிங். இவை இருந்தால், அல்லது கியர் தானாக விழுந்தால், எஞ்சினை இறக்கி இரண்டாகப் பிளக்காமல் முடியாது. இல்லாவிட்டால் கிராங் பெட்டியைத் திறப்பது தேவையற்ற செலவு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கியர்ப்பெட்டியைப் புதினம் பார்க்கத் திறப்பவர் பிறகு வருந்த நேரும்.

கருவிகளும் இடமும்

சாதாரண ஸ்பனர் தொகுதியை விட நான்கு பொருட்கள் அவசியம். ஒன்று, சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பக்ற் டிரைவர். பழைய ஹொண்டாவின் கூட்டல்குறித் திருகாணிகள் ஜப்பானிய நியமத்துக்கு வெட்டப்பட்டவை. கடையில் வாங்கும் சாதாரண ஸ்குரூ டிரைவரின் நுனி அவற்றில் முழுதாக இறங்காமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். இரண்டு, பிளைவீல் இழுவை. வாங்குமுன் புரியின் அளவையும் அது வலப்புரியா இடப்புரியா என்பதையும் பார்க்கவேண்டும். மூன்று, கிளச்சின் வெட்டு நட்டுக்கான நான்கு பல் சொக்கற். கடையில் கிடைக்காவிட்டால் பழைய சொக்கற் ஒன்றை லேத்தில் கொடுத்து நான்கு பல் வெட்டுவிக்கலாம். உளியை வைத்து அடித்து அந்த நட்டைக் கழற்றும் பழக்கம் நட்டையும் கெடுக்கும், கிராங்கின் நேரையும் கெடுக்கும். நான்கு, பீலர் கேஜ். மைக்கிரோமீற்றர் சொந்தமாக இல்லாவிட்டாலும் லேத் பட்டறையில் இருக்கும்.

கழற்றும் பொருட்களைப் போட வெறும் யோகட் கோப்பைகள் மிகவும் தோதானவை. ஒரு மூடிக்கு ஒரு கோப்பை. மூடித் திருகாணிகள் ஒரே விட்டமாயினும் நீளம் வேறு. நீளமானது குறுகிய துளையில் போனால் அலுமினியம் வெடிக்கும். மூடியின் உருவத்தை ஒரு காட்போட் மட்டையில் வரைந்து, அதே இடத்தில் துளையிட்டுத் திருகாணிகளைக் குத்திவைப்பது இன்னும் நல்லது.

மணலிலிருந்து தூர இருப்பதும் முக்கியம். வடமராட்சியில் பின்னேரக் காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும். திறந்த சிலின்டரை முற்றத்து மாமரத்தின் கீழ் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போவது அதை உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம்.

கழற்றுதல்

எஞ்சினைச் சற்று ஓடவிட்டுச் சூடான நிலையிலேயே ஒயிலை வடிக்கவேண்டும். வடிந்ததை வெள்ளைத் தட்டில் விட்டு வெயிலில் பார்த்தால், மினுமினுக்கும் அலுமினியத் தூளும் காந்தத்தில் ஒட்டும் இரும்புச் சீவலும் கறுத்த இறப்பர்த் துணுக்கும் வேறுபட்டுத் தெரியும். இறப்பர், ரைமிங் செயினைத் தாங்கும் உருளையிலிருந்து வந்தது. இரும்புச் சீவல் கியரிலோ பெயாரிங்கிலோ இருந்து வந்தது. ஒயில் தண்ணீர்போல இளகி எரிபொருள் மணம் அடித்தால், காபிறேற்றரின் ஊசி வால்வு மூடாமல் ஒழுகுவதையும் தேடவேண்டும்.

அடுத்த தடை துரு. தொண்டைமானாற்று உப்புக்காற்று அடிக்கும் வல்லை வெளியைத் தினமும் கடக்கும் வண்டியில், அலுமினியத்துக்குள் பூட்டிய இரும்பு ஆணிகள் பிடித்துப்போயிருக்கும். எல்லாவற்றிலும் மோசம் சைலன்சர்க் குழாயை ஹெட்டோடு பிடிக்கும் இரண்டு 6 மில்லிமீற்றர் ஸ்ரட்டுகள். அவற்றுக்கு முதல்நாள் இரவே ஊடுருவும் ஒயில் விட்டு வைக்கவேண்டும். அப்படியும் அசையாவிட்டால் ஸ்ரட்டைச் சூடாக்காமல் அதைச் சூழ்ந்த அலுமினியத்தைச் சூடாக்கவேண்டும். அலுமினியம் இரும்பைவிட இருமடங்கு விரியும். பிறகு கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஆட்டிப் பழக்கி எடுக்கலாம். முறிந்தால் பதறத் தேவையில்லை: முறிந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங்கில் ஒட்டிச் சுழற்றலாம், அதுவும் சரிவராவிட்டால் நடுவில் துளைத்தெடுத்துப் புதுப் புரி போடலாம்.

ஹெட்டைக் கழற்றுமுன் பிளைவீலைக் கையால் சுற்றி, அதிலுள்ள டி என்ற ஆங்கில எழுத்துக் குறியைப் பெட்டியிலுள்ள கோட்டுக்கு நேராக்கவேண்டும். இடப்பக்கமிருந்து பார்க்கையில் சுற்றும் திசை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. அப்போது கேம் பற்சில்லிலுள்ள வட்டக் குறி ஹெட்டிலுள்ள வெட்டுக்கு நேரே நிற்கும். நில்லாவிட்டால் இன்னொரு முழுச்சுற்று சுற்றவேண்டும். அப்போதும் நேரே வராவிட்டால் செயின் நீண்டிருக்கிறது, அல்லது முன்பு பூட்டியவர் ஒரு பல் தவறிப் பூட்டியிருக்கிறார், அதைக் குறித்துக்கொள்ளவேண்டும். பற்சில்லை எடுக்கும்போது செயின் உள்ளே விழாமல் ஒரு கம்பியால் கட்டிவைக்கவேண்டும்.

ஹெட்டைப் பிடிக்கும் நான்கு நட்டுகளையும் குறுக்குமறுக்காக, அரைச் சுற்றுவீதம் இளக்கவேண்டும். எஞ்சின் ஆறியிருக்கவேண்டும், சூட்டில் கழற்றிய ஹெட் வளையும். ஒரு ஸ்ரட்டின் பக்கமாகவே ஒயில் மேலேறுகிறது என்பதால் அங்கு செப்பு வாசர் இருக்கும். எந்த நட்டும் வாசரும் எந்த ஸ்ரட்டிலிருந்து வந்தன என்று அப்போதே குறிக்காவிட்டால் பிறகு வெளியே ஒயில் வழியும். சிலின்டரை இழுத்தெடுக்கையில் பெட்டியின் வாயில் சுத்தமான துணியை அடைத்தே பிஸ்ரன் பின்னைத் தொடவேண்டும். பின்னைப் பிடித்திருக்கும், துள்ளித் தப்பும் சின்னஞ்சிறு சேர்க்கிளிப் பெட்டிக்குள் விழுந்தால், திறக்கவேண்டியிராத பெட்டியையும் திறக்க நேரும்.

கிராங் பெட்டியைப் பிளக்கும் தேவை வந்தால் எஞ்சினை இறக்கவேண்டும். சட்டத்தோடு அதைப் பிடிப்பவை இரண்டு பெரிய போல்ற்றுகளே. காலூன்றிக் கம்பி, செயின், வயர், கேபிள் எல்லாம் போனபின் ஒருவரே தூக்கலாம். பிளைவீலும் கிளச்சும் போனபின் திருகாணிகளை எடுத்து, மரச்சுத்தியலால் தட்டிப் பிரிக்கவேண்டும். இரு பாதிகளுக்கு நடுவே ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்பியதன் வடு பழைய எஞ்சின்களில் சாதாரணமாகக் காணக்கூடியது. அந்த வடு வழியே அவை காலம் முழுக்க ஒயில் கசிந்துகொண்டிருக்கும். பெட்டி உடைந்து வேறு வாங்கவேண்டி வந்தாலும் ஒரு விடயம் உண்டு. எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருப்பது அந்தப் பெட்டியில். பதிவுப் புத்தகத்தில் இருப்பதும் அதே எண். பெட்டியை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த மாற்றத்தைப் பதிவிக்கவேண்டும். எண்ணை அராவி வேறு அடிப்பது குற்றம்.

கழுவுதலும் அளத்தலும்

கழுவ மண்ணெண்ணெயும் பல்தூரிகையும் போதும். பிஸ்ரன் தலையிலும் ஹெட்டின் குழிவிலும் உள்ள கரியை இரும்பால் சுரண்டக்கூடாது. கூராகச் சீவிய பனஞ்சிலாகைத் துண்டு அலுமினியத்தில் கீறல் போடாமல் கரியை மட்டும் உரிக்கும். றிங் பள்ளத்தைச் சுத்தமாக்க முறிந்த பழைய றிங்கே கருவி.

இந்த எஞ்சினில் மாற்றக்கூடிய கடதாசி ஒயில் பில்ரர் கிடையாது. வலப்பக்க மூடிக்குள் ஒரு கம்பிவலையும், கிளச்சோடு சேர்ந்து சுழன்று அழுக்கை வெளிவிளிம்புக்கு எறியும் ஒரு கிண்ணமும் உண்டு. அந்தக் கிண்ணத்தை வாழ்நாளில் ஒருமுறைகூடத் திறக்காத வண்டிகள் ஏராளம். திறந்தால் உள்ளே கறுத்த களிம்பு இறுகிக் கிடக்கும். வேறெதையும் செய்யாவிட்டாலும் அதைச் சுரண்டிக் கழுவினாலே எஞ்சினின் ஆயுள் கூடும்.

சிலின்டரை மூன்று ஆழங்களில், ஒவ்வோர் ஆழத்திலும் இரண்டு திசைகளில் அளக்கவேண்டும். தேய்மானம் ஹெட்டுக்கு அருகேதான் கூட. பிஸ்ரன் பக்கவாட்டில் உதைப்பது கிராங்குக்குச் செங்குத்தான திசையில். சிலின்டர் படுத்திருப்பதால் வண்டியில் அது மேல்-கீழ்த் திசையாகும். அந்தத் திசை அளவும் இட-வல அளவும் ஒத்துப்போகாவிட்டால் சிலின்டர் முட்டைவடிவமாகியிருக்கிறது. பிஸ்ரனை அளப்பது பாவாடையின் அடியிலிருந்து 10 மில்லிமீற்றர் மேலே, பின்னுக்குச் செங்குத்தாக. இரண்டுக்கும் இடையிலான இடைவெளி 0.1 மில்லிமீற்றரைத் தாண்டினால் போர் செய்யவேண்டும். றிங்கைத் தனியே சிலின்டருக்குள் விட்டு, பிஸ்ரன் தலையால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியைப் பீலர் கேஜால் பார்க்கவேண்டும். புதியதில் 0.15 முதல் 0.35 மில்லிமீற்றர் இருக்கும்; 0.5 ஐத் தாண்டினால் அது பயன்படாது.

பிஸ்ரன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் கூடிய அளவுகளில் வருகின்றன. கடைசி அளவுக்குப் போர் செய்தால் சிலின்டர் 51 மில்லிமீற்றர், கொள்ளளவு ஏறத்தாழ 93 கன சென்ரிமீற்றர். அதற்குமேல் ஸ்லீவ் அடிக்கவேண்டும். இங்கு ஒழுங்கு முக்கியம்: முதலில் பிஸ்ரன் வாங்கி, அதையும் சிலின்டரையும் சேர்த்தே லேத்துக்குக் கொடுக்கவேண்டும். பெட்டியில் 0.50 என்று அச்சிட்டிருப்பதை நம்பி முன்கூட்டியே போர் செய்வது சூதாட்டம். ஒரே அளவென்று விற்கும் இரண்டு கம்பெனிப் பிஸ்ரன்கள் 0.02 மில்லிமீற்றர் வேறுபட்டால், வைக்கவேண்டிய இடைவெளியில் பாதி அங்கேயே போய்விடும். 0.03 முதல் 0.04 மில்லிமீற்றர் இடைவெளி இந்த வெக்கைக்கும் தயாரிப்பு விவரம் தெரியாத பிஸ்ரனுக்கும் பொருத்தம். “இறுக்கமாய்ப் போட்டால் கனகாலம் உழைக்கும்” என்று சொல்பவர்கள் உண்டு. இறுக்கமாகப் போட்ட பிஸ்ரன் சூட்டில் விரிந்து பிடித்துக்கொள்ளும். எந்தக் கம்பெனிப் பிஸ்ரன் என்பதைவிட லேத்தில் விட்ட இடைவெளி எவ்வளவு என்பதே எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

போர் முடிந்து வரும் சிலின்டர் கண்ணுக்குப் பளபளவென்று சுத்தமாகத் தெரியும். உண்மையில் தீட்டுக்கல்லின் தூள் அதன் கீறல்களுக்குள் நிறைந்திருக்கும். மண்ணெண்ணெய் அந்தத் தூளை இடம்மாற்றுமே தவிர எடுக்காது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தூரிகையால் உரஞ்சிக் கழுவி, ஒயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைக்கவேண்டும். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவவேண்டியதுதான். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் உலர்ந்தால் வெள்ளைப் படிவு விடும். உப்புக்காற்றில் வெறும் இரும்பு மிக விரைவாகச் செந்துரு பிடிக்கும். ஆகவே கழுவிய கையோடு துடைத்து ஒயில் பூசவேண்டும்.

வால்வுகளுக்கு வருவோம். வால்வை இருக்கையில் வைத்து, வழியின் வாய் மேலே நிற்க ஹெட்டைத் திருப்பி, அதில் பெற்றோல் ஊற்றினால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு சொட்டும் மறுபக்கம் வரக்கூடாது. வந்தால் அரைக்கும் பசை பூசி உள்ளங்கைகளுக்கிடையில் குச்சியை உருட்டி அரைக்கவேண்டும். நல்ல இருக்கை ஒரு மில்லிமீற்றர் அகலமான, அறுபடாத, மங்கிய சாம்பல் வளையமாகத் தெரியும். வளையம் இரண்டு மில்லிமீற்றராக அகன்றிருந்தால் அரைத்துப் பயனில்லை. லேத்தில் இருக்கையை வெட்டுவிக்கவேண்டும். வால்வின் தண்டு கைட்டுக்குள் பக்கவாட்டில் ஆடினால் கைட்டை மாற்றாமல் அரைப்பது வீண்வேலை.

கனெக்ரிங் றொட்டை அதன் நீளவாக்கில் இழுத்தும் தள்ளியும் பார்க்கையில் ஆட்டம் சிறிதும் இருக்கக்கூடாது. பக்கவாட்டு அசைவு இயல்பானது. அதைக் கண்டு கிராங்கை மாற்றத் தேவையில்லை. கிராங் அழுத்திப் பொருத்தப்பட்டது. பிரித்து றொட் மாற்றிய பின் இரண்டு பக்கமும் நேர் பார்த்துச் சரிசெய்யும் பட்டறைக்கே அதைக் கொடுக்கவேண்டும்.

பூட்டுதல்

பூட்டுதல் கழற்றியதன் தலைகீழ் ஒழுங்கு என்று பல புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடும். உண்மையில் தவறுகள் நடப்பது இங்கேதான்.

ஒயில் சீல்களும் கஸ்கற்றுகளும் சேர்க்கிளிப்பும் புதியவையாக இருக்கவேண்டும். கஸ்கற் கிடைக்காத காலத்தில் கடதாசியை மூடியின்மேல் வைத்து விளிம்பில் சுத்தியலால் தட்டி வெட்டும் வழக்கம் இருந்தது. அது விளிம்பை நசுக்கும். மூடியின் முகத்தில் மெல்லக் கிறீஸ் தடவிக் கடதாசியில் அழுத்தினால் அச்சு விழும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டலாம். மூடிகளுக்கு இது போதும். சிலின்டரின் அடிக் கஸ்கற்றுக்கு மட்டும் கடதாசியின் தடிப்பைப் பழையதோடு ஒப்பிடவேண்டும். தடிப்புக் கூடினால் அமுக்கம் குறையும்.

பிஸ்ரன் தலையில் உள்வழியைக் குறிக்கும் எழுத்து இருக்கும். காபிறேற்றர் இருப்பது மேலே என்பதால் அந்த எழுத்து வானத்தைப் பார்க்கவேண்டும். அம்புக்குறி இருந்தால் அது வெளிவழியை, அதாவது நிலத்தைக் காட்டவேண்டும். றிங்கின் எழுத்துள்ள முகம் ஹெட்டின் பக்கம். றிங் வாய்களை 120 பாகை இடைவெளியில் விலக்கி வைக்கவேண்டும். சேர்க்கிளிப்பின் வாயைப் பிஸ்ரனிலுள்ள வெட்டுக்கு நேரே விடக்கூடாது. பிஸ்ரன், றிங், பின், கேம் எல்லாவற்றுக்கும் ஒயில் தாராளமாகப் பூசவேண்டும். சிலின்டரைப் போடுகையில் றிங்குகளை விரலால் அழுத்தி ஒவ்வொன்றாக நுழைக்கலாம். பலம் போட்டுத் தள்ளவேண்டி வந்தால் ஏதோ ஒரு றிங் வெளியே நிற்கிறது.

டி குறியும் கேமின் வட்டக் குறியும் மறுபடி நேராக நிற்கச் செயினைப் போடவேண்டும். பற்சில்லை இறுக்கிய பின், பிளக் இல்லாமல் பிளைவீலைக் கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றிக் குறிகளைத் திரும்பப் பார்க்கவேண்டும். இடையில் எங்காவது இரும்பில் இரும்பு முட்டுவதுபோல நின்றால் மேலும் பலம் கொடுக்கக்கூடாது. வால்வு பிஸ்ரனில் முட்டுகிறது.

ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக மூன்று தவணையில் இறுக்கவேண்டும். மூடிகளின் 6 மில்லிமீற்றர்த் திருகாணிகளுக்கு 10 நியூட்டன் மீற்றர் போதும். நீளக் கைப்பிடி ஸ்பனரால் இறுக்கிப் புரி உரித்த பெட்டிகளே ஹெலிகொயில் என்னும் புரிச்சுருள் போட வருகின்றன. வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறிய நிலையில், இரண்டுக்கும் 0.05 மில்லிமீற்றர். பொயின்ற் 0.3 முதல் 0.4. பிளக் 0.6 முதல் 0.7.

முதல் ஓட்டம்

ஒயில் ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகக் கொள்ளும். அளவுக்கம்பியைத் திருகாமல் வாயில் நிறுத்திப் பார்க்கவேண்டும். இந்த வெப்பநிலைக்கு 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50. காருக்கென்று விற்கும், உராய்வைக் குறைக்கும் சேர்க்கை கலந்த ஒயிலை விடக்கூடாது. ஒரே ஒயிலில்தான் கிளச்சும் நனைகிறது, அது வழுக்கும்.

பிளக்கைப் போடாமல் முப்பது நாற்பது முறை உதைத்து, வால்வு மூடியைத் திறந்து பார்த்தால் ஒயில் மேலே வந்திருக்கவேண்டும். வராமல் ஸ்ராட் பண்ணினால் புதிதாகப் போட்ட கேமும் றொக்கரும் சில நிமிடத்தில் கருகும். முதல் ஸ்ராட்டில் பூசிய ஒயில் எரிந்து கொஞ்ச நேரம் புகை வரும். அதற்காகக் கழற்ற ஓடவேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, முழுதாக ஆறவிட்டு, மறுபடி ஓடவிடவேண்டும். மூன்றாம் முறை ஆறியபின் ஹெட் நட்டுகளையும் வால்வு இடைவெளியையும் மீண்டும் சரிபார்க்கவேண்டும்.

முதல் 1000 கிலோமீற்றர் வரை ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், திறொட்டிலைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டவேண்டும். நெல்லியடியிலிருந்து மந்திகை வழியே பருத்தித்துறை போய்வருவது இதற்கு உகந்தது; சந்திகளும் திருப்பங்களும் வேகத்தைத் தாமாக மாற்றிவிடும். யாழ்ப்பாணம் போகும் வழியில் வல்லை வெளியில் எதிர்க்காற்று அடிக்கும்போது முழுத் திறொட்டிலில் பிடித்துக்கொண்டு போவதே புது றிங்குக்குப் பெரிய ஆபத்து. அங்கு ஒரு கியர் குறைத்து மெதுவாகப் போகவேண்டும். பின்னால் ஆளையோ மூட்டையோ ஏற்றுவதையும் இந்தத் தூரம் முடியும்வரை தவிர்ப்பது நல்லது.

300 கிலோமீற்றரில் முதல் ஒயிலைச் சூட்டோடு வடித்து, முன்போலவே வெள்ளைத் தட்டில் பார்க்கவேண்டும். நுண்ணிய வெள்ளித்தூள் இருந்தால் அது புது றிங் படிவதன் அடையாளம். காந்தத்தில் ஒட்டும் துண்டுகள் இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினை மறுபடி திறக்கவேண்டும். பிறகு 1000 இல் ஒருமுறையும், அதன்பின் ஒவ்வொரு 1500 கிலோமீற்றருக்கும் ஒயில் மாற்றவேண்டும்.